பேய்க்கும் ஒரு லிமிட் உண்டு!

கடைசி பெஞ்ச் பக்கம்

மக்களே, ஒரு சிம்பிள் கேள்வி. ஒரு பேயைப் பார்க்க நீங்க எவ்வளவு செலவு பண்ணுவீங்க? ‘ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க ஹாஸ்டல் பாத்ரூம் பக்கம் வாங்க, ஃப்ரீயாவே பார்க்கலாம்’னு சவுண்டு விடுற கோஷ்டி கொஞ்சம் அமைதி ப்ளீஸ். எங்க அத்தான் தலைக்கு 100 டாலருக்கு மேல கொடுத்து, மொத்தம் அஞ்சு தலைக்கு டிக்கெட் எடுத்தார். எடுத்து முடிச்சுட்டு ரொம்ப நேரம் கால்குலேட்டரையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துல அவர் மூஞ்சியைப் பார்க்கவே டிக்கெட் போடலாம்!

மேட்டர் இதுதான். அக்காவும் அத்தானும் இருக்கிறது அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரத்துல. 2025 அக்டோபரில் அம்மா முதல் தடவையா அங்கே கிளம்பினாங்க. தூத்துக்குடிக்குப் போறதா இருந்தாலே தெரு முழுக்கச் சொல்லிட்டுப் போற ஆளு அவங்க. தனியா ஃபிளைட் ஏற முடியாதுன்னு ஒரே அடம். துணைக்கு யாரு? மூணாம் வருஷ மெக்கானிக்கல், ரெண்டு அரியர், வேற வேலை வெட்டி இல்லாத அடியேன்தான்! ஹெச்.ஓ.டி. ரூம் வாசல்ல மூணு நாள் தவம் கிடந்து, ‘அட்டெண்டன்ஸ் 75 பர்சென்ட்டுக்குக் கீழே போனா என் மூஞ்சியிலேயே முழிக்காதே’ங்கிற ஆசீர்வாதத்தோட லீவு வாங்கினேன். குலசை தசரா முடிஞ்ச கையோடு பறந்துட்டோம்.

அங்கே போய் இறங்கினா, தெரு பூரா பேய்! கோலம் இருக்க வேண்டிய இடத்துல எலும்புக்கூடு படுத்திருக்கு. மரத்துல வெள்ளைத்துணி தொங்குது. வாசப்படியில பூசணிக்காய் கண்ணு, மூக்கு, பல்லோட சிரிக்குது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ‘ஏட்டி, திருஷ்டிப் பூசணிக்காய உடைக்காம எதுக்கு வாசல்லயே வச்சிருக்காவ?’ன்னு அக்காவைக் கேட்டாங்க. அக்கா சிரிச்சே எஸ்கேப்.

சரி, கொஞ்சம் ஹிஸ்டரி. பயப்படாதீங்க, ரெண்டு மார்க் அளவுக்குத்தான். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் இருந்த பழைய கெல்டிக் மக்கள், அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்குற நேரத்துல ஒரு பண்டிகை கொண்டாடினாங்க. அந்த ராத்திரி செத்தவங்களோட உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் நடுவுல இருக்கிற கதவு திறந்துக்கும்னு நம்பிக்கை. பண்டிகையோட பேரை எப்படி உச்சரிக்கணும் தெரியுமா? ‘சாவின்’! சத்தியமா நான் வச்ச பேர் இல்லீங்க. பிறகு கிறிஸ்தவத்துல நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்குமான நாளாக, அதுக்கு முந்தின ராத்திரி அக்டோபர் 31 ‘ஹாலோவீன்’ ஆச்சு. 19-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன அயர்லாந்துக்காரங்க இதையும் மூட்டை கட்டிக் கொண்டு போனாங்க. ஊர்ல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சவங்களுக்கு, அங்கே குடையறதுக்கு வாட்டமா பூசணிக்காய் கிடைச்சது. அவ்வளவுதான் கதை.

பேயும் பிசினஸும்!

பேயை வச்சுக் கல்லா கட்டலாம்னு தீம் பார்க்காரங்களுக்குத் தெரியாம இருக்குமா? கலிஃபோர்னியாவுல ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்’ பார்க் 1973-லேயே ஹாலோவீன் ராத்திரிகளை ஆரம்பிச்சுட்டாங்க. ஆர்லாண்டோ ‘யுனிவர்சல்’ பார்க்கில் 1991-ல் தொடங்கினது ஒண்ணு இருக்கு. அங்கே இருட்டுல ஆளுங்க ஒளிஞ்சிருந்து உங்க மேல பாய்வாங்க. ரத்தம், ரம்பம்னு செம டெரர். 13 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்களுக்கு இது ஏத்தது இல்லைனு அவங்களே சொல்லிடறாங்க.

‘அப்போ பொடிசுங்க எங்கே போகும்?’னு கேட்டா, அதே ஊர்ப் பக்கம் டிஸ்னி நடத்துற ‘மேஜிக் கிங்டம்’ இருக்கு. 1971-ல் திறந்த பார்க். இங்கே 1995-ல், அக்டோபர் 31 ஒரே ஒரு ராத்திரி மட்டும் ஒரு பார்ட்டி வச்சாங்க. பேரு ‘மிக்கிஸ் நாட் ஸோ ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி’. எங்க ஊர் பாஷையில சொன்னா, ‘அம்புட்டுப் பயம் இல்லாத பேய்த் திருவிழா’! ஒரு ராத்திரியா இருந்தது இப்போ ஆகஸ்ட்லேயே ஆரம்பிச்சு, 30 ராத்திரிக்கு மேல போகுது. பகல் டிக்கெட் இதுக்குச் செல்லாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல உள்ளே விட்டு, கையில ஒரு பட்டை கட்டறாங்க. ஏழு மணி ஆனதும் பட்டை இல்லாத கூட்டத்தை அன்பா வெளியே தள்ளிட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் பேய் ராஜ்ஜியம்.

அந்த ‘நாட் ஸோ’ங்கிற ரெண்டு வார்த்தைதான் இந்த வாரப் பக்கத்தோட ஹீரோ. ஏன்னு கடைசியில சொல்றேன்.

அரிவாள் இல்லாத அய்யா

பார்ட்டிக்குப் போகணும்னா வேஷம் கட்டணும். எனக்கு வேஷம்னா உயிர். எங்க ஊர்ப் பக்கம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வந்து பாருங்க... காளி, குரங்கு, குறவன், போலீஸ், ராஜானு வேஷம் கட்டி, ஊர் ஊராப் போய் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவாங்க. ஆயிரக்கணக்குல கூட்டம் நிக்கும். அந்த நினைப்புல, ‘யம்மா, நான் காளி வேஷம் கட்டட்டா?’ன்னேன். வந்துச்சு பாருங்க கோவம்! ‘ஏல, விரதம் இல்லாம, மாலை போடாம காளி வேஷம் கட்டுவியோ? மிட்டாய் வாங்கித் திங்கதுக்கா அம்மன் வேஷம்?’ நியாயமான கேள்வி. ஐடியா ட்ராப்.

கடைசியில வேஷ்டி, தலைப்பாகை, முறுக்கு மீசை, கையில அட்டை அரிவாள்னு கிராமத்துப் பெரியவர் கெட்டப். கிளம்புற நேரத்துல அக்கா ரூல்ஸ் படிச்சாங்க: பொம்மை ஆயுதம்கூட உள்ளே கூடாது. அரிவாள் அவுட். 14 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க முகமூடி போடக் கூடாது. தரையில இழுபடுற டிரெஸ் கூடாது. ஆக, அரிவாள் இல்லாத அய்யாவா உள்ளே போனேன். ஒரு குட்டிப் பையன் என்னை அலாவுதீன் கதைப் பூதம்னு நினைச்சு வரம் கேட்டான். தம்பி, வரம் கொடுக்கிற பவர் இருந்தா என் அரியரை நான் ஏன்டா வச்சிருக்கப் போறேன்?

ரூல்ஸைக் கேட்டப்போ எரிச்சலாத்தான் இருந்துச்சு. உள்ளே போனதும் புரிஞ்சுது. முகமூடி இல்லாததால எந்தப் பெரிய ஆளைப் பார்த்தாலும் முகம் தெரியுது. சூனியக்காரி சிரிச்சா சிரிப்பு தெரியுது. பொடிசு பயந்து நிமிர்ந்து பார்த்தா, எதிர்ல மனுஷ முகம். பேய் வேஷம் இருக்கலாம், ஆனா உள்ளே இருக்கிறது யார்னு தெரியணும். செம லாஜிக்!

எங்க கூட்டத்துல விஐபி யாருன்னா, அக்கா பொண்ணு பாப்பு. ஆறு வயசு. சூனியக்காரித் தொப்பி, கையில குட்டித் துடைப்பம். தமிழ் நல்லாவே பேசுவா, கோவம் வந்தா மட்டும் அமெரிக்காவுக்குத் தாவிடுவா. அவளுக்கு நிலக்கடலை அலர்ஜி. அம்மா கோவில்பட்டி கடலைமிட்டாயை ரெண்டு கிலோ பாசமா சுமந்துட்டு வந்து, அக்கா வீட்டு வாசல்லயே அது தடை செய்யப்பட்ட சோகம் தனிக் கதை. ‘கடலை மிட்டாய் ஆகாத பிள்ளையும் உண்டுமா?’ன்னு ரெண்டு நாள் புலம்பல்.

பார்க்கில் அங்கங்கே மிட்டாய் கொடுக்கிற இடம் இருக்கு. பையை நீட்டினா, சின்னவங்க பெரியவங்க பேதமில்லாம கைநிறைய அள்ளிப் போடறாங்க. அம்மா முதல்ல கூச்சப்பட்டாங்க. ரெண்டாவது இடத்துல அவங்கதான் வரிசையில ஃபர்ஸ்ட்! ‘நம்ம குலசையில காணிக்கை வாங்குத மாதிரியேல்லா இருக்கு! அது அம்மனுக்குப் போகும், இது வயித்துக்குப் போகுது’ன்னு ஒரு தத்துவம் வேற.

பாப்புவுக்கு அலர்ஜியாச்சே, அவ என்ன பண்ணுவா? அதுக்கும் வழி வச்சிருக்காங்க. அலர்ஜி இருக்கிற பிள்ளைங்களுக்கு நீலப்பச்சை நிறத்துல தனிப் பை. மிட்டாய்க்குப் பதிலா டோக்கன் வாங்கிக்கிட்டே வரலாம். கடைசியில அதைக் கொடுத்து, அவங்க சாப்பிடக்கூடிய ஐட்டமா மாத்திக்கலாம். எல்லாப் பிள்ளைங்களோடயும் அதே வரிசையில நின்னு, அதே மாதிரி பையை நீட்டி வாங்குறா. ‘நீ மட்டும் தள்ளி நில்லு’ங்கிறது கிடையாது. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாங்க. அதோட கடலைமிட்டாய்ப் புலம்பல் நின்னுபோச்சு.

நான் சொன்ன பொய்!

இதுவரைக்கும் ஜாலி. இனிமேதான் என் வண்டவாளம்.

அந்த பார்க்கில் ‘ஹான்டட் மேன்ஷன்’னு ஒரு பேய் பங்களா இருக்கு. பார்க் திறந்த 1971-லேருந்து ஓடுது. உள்ளே 999 பேய் இருக்கு, இன்னும் ஒருத்தருக்கு இடம் காலின்னு சொல்லித்தான் வரவேற்பே. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அது பேய் வீடு இல்லீங்க, லேப்! எனக்கு எப்படியாவது உள்ளே போயாகணும். பாப்பு மாட்டேன்னு நின்னா. ‘உள்ள பயமா இருக்குமா மாமா?’

நான் என்ன சொன்னேன்? ‘சீ, ஒண்ணுமே இல்ல பாப்பு. எல்லாம் பொம்மை. மாமா இருக்கேன்ல!’

அவ நம்பி என் கையைப் பிடிச்சுட்டு வந்தா.

முதல் ரூம் எட்டுப் பக்கமும் சுவரு. கதவு மூடிடுச்சு. ரூம் மெள்ள மேல நீள ஆரம்பிக்குது. சுவர்ல மாட்டியிருக்கிற படமெல்லாம் இழுபட்டு நீளுது. எனக்கு ஒரே குஷி. கலிஃபோர்னியாவுல 1969-ல் திறந்த முதல் பங்களாவுல இதே ரூமோட தரை லிஃப்ட் மாதிரி கீழே இறங்கும். ஃபுளோரிடாவுல தரை அசையாது, கூரைதான் மேல போகும்னு அத்தானுக்கு லெக்சர் கொடுத்துட்டிருக்கேன். திடீர்னு லைட் அவுட். இடி, மின்னல். உச்சியில ஒரு உருவம் கயித்துல தொங்குது. ஒரு அலறல்.

அலறல் ஸ்பீக்கர்ல வந்தது ஒண்ணு. என் பக்கத்துல வந்தது இன்னொண்ணு.

பாப்பு வீறிட்டு அழுதா. அங்கே வேலைக்காரம்மா வேஷத்துல நின்ன ஒரு பொண்ணு ஓடி வந்து, குனிஞ்சு, ரொம்ப மெதுவான குரல்ல, ‘வெளியே போகலாமா?’ன்னு பாப்புகிட்டயே கேட்டாங்க. எங்ககிட்ட இல்ல, அவகிட்ட. அவ தலையாட்டினதும் வழி காட்டி வெளியே அனுப்பிட்டாங்க. ‘பயந்தாங்கொள்ளி’ங்கிற மாதிரி ஒரு சிரிப்புகூட யார்கிட்டயும் இல்ல. தினமும் நடக்கிற சாதாரண விஷயம் மாதிரி.

வெளியே வந்ததும் பாப்பு என் கையை உதறினா. ‘நீ ஒண்ணுமே இல்லேன்னு சொன்ன. நீ பொய் சொன்ன மாமா!’

நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இதுக்குப் போய் அழுவாங்களா? ஆச்சிகூட அழல பாரு’ன்னு சமாளிச்சேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ‘ஏல, ஒனக்கு நடந்தது மறந்துபோச்சா?’

மறக்குமா மக்களே?

அப்போ எனக்கு ஏழு வயசு. திருவிழாப் பொருட்காட்சியில தகரக் கொட்டகை போட்டு ஒரு பேய் வீடு. சொந்தக்கார மாமா ஒருத்தர், ‘ஒண்ணுமே இல்லல, ஆம்பளப் பிள்ள பயப்படலாமா?’ன்னு என்னை உள்ளே தள்ளிவிட்டுட்டு வெளியே நின்னுட்டார். இருட்டுல கொரில்லா முகமூடி போட்ட ஆளு என் காலைப் பிடிச்சுட்டான். எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியல. ட்ரவுசர் நனைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நடந்த ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அந்த மாமா இந்தக் கதையை ஆக்‌ஷனோட சொல்வார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள்ள அந்தக் கொட்டகைக்குள்ளேயே நின்னுட்டிருப்பேன். பிளஸ் டூ படிக்கிற வரைக்கும் வீட்டுல கரன்ட் போனா எனக்குக் கை ஜில்லுனு ஆயிடும். இதை இந்தப் பக்கத்துலதான் முதல் தடவையா ஒத்துக்கறேன்.

பதிமூணு வருஷம் கழிச்சு, அதே டயலாக்கை, ‘மாமா’ங்கிற அதே உறவுல இருந்துக்கிட்டு நான் சொல்லியிருக்கேன். ‘ஒண்ணுமே இல்ல.’ கொரில்லா முகமூடி இல்லாததுதான் ஒரே வித்தியாசம்.

தலை இல்லாத குதிரைக்காரன்

அடுத்த ஒரு மணி நேரம் பாப்பு என் பக்கமே வரலை. அத்தான் தோள்ல ஏறிட்டா. ராத்திரி ஊர்வலம் பார்க்க ரோட்டோரம் இடம் பிடிச்சோம். இதுலதான் மக்களே, எனக்கு அடுத்த பாடம்.

ஊர்வலத்துக்கு முன்னாடி தலை இல்லாத ஒரு ஆளு குதிரையில வருவான். வாஷிங்டன் இர்விங்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் 1820-ல் எழுதின கதையில வர்ற கேரக்டர் அது. நிஜக் குதிரை, கையில ஒளிர்ற பூசணித் தலை! என்னை மாதிரி ஆளா இருந்தா, ‘சும்மா குதிரைதான் வரும்’னு சொல்லியிருப்போம். அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?

‘பாப்பு, இப்ப ஒருத்தர் குதிரையில வருவார். அவருக்குத் தலை இருக்காது. டிரெஸ்ஸுக்குள்ள தலையை ஒளிச்சு வச்சிருப்பார். வேகமா வருவார். பத்து எண்ணுறதுக்குள்ள போயிடுவார். வேண்டாம்னா கண்ணை மூடிக்கோ, அப்பா சொல்றேன்.’

குளம்புச் சத்தம் கேட்டுச்சு. பாப்பு அத்தான் முடியைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டா. (பாவம், இருக்கிறதே கொஞ்சம்!) ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு வரும்போது குதிரை தாண்டிப் போயிடுச்சு. ‘அப்பா, நான் கண்ணை மூடவே இல்ல!’ அந்த முகத்துல இருந்த சந்தோஷம் இருக்கே... கேட்டுல கட்டின நூறு டாலர் அதுக்குச் சரியாப்போச்சு.

பின்னாடியே வெட்டியான் வேஷத்துல ஒரு கூட்டம். கையில இருக்கிற மண்வெட்டியை ரோட்டுல தேய்ச்சா, எங்க வொர்க்‌ஷாப்ல கிரைண்டிங் வீல்ல பறக்குமே, அதே மாதிரி தீப்பொறி! கோட்டை முன்னாடி மூணு சூனியக்காரி அக்காமாரோட ஆட்டம் பாட்டம். பிறகு வாணவேடிக்கை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள அட்வான்ஸ் தீபாவளி. பாப்பு எல்லாத்தையும் பார்த்தா. என்னைத் தவிர!

போனைத் தட்டி அந்தப் பேய் பங்களாவைப் பத்திப் படிச்சேன். அதை வடிவமைச்ச நேரத்துல ரெண்டு கலைஞர்களுக்குள்ள ஒரு இழுபறி. கிளாட் கோட்ஸ்னு ஒருத்தர், பயமா இருக்கணும்னார். மார்க் டேவிஸ்னு ஒருத்தர், சிரிப்பா இருக்கணும்னார். வால்ட் டிஸ்னி 1966-லேயே இறந்துட்டார், பஞ்சாயத்து பண்ண ஆளில்லை. கடைசியில ரெண்டு பேர் சொன்னதும் உள்ளே வந்துடுச்சு. முதல் பாதி பயம், ரெண்டாம் பாதி சிரிப்பு!

எனக்குச் சுருக்குன்னுச்சு. பாப்பு முதல் பாதியோட வெளியே வந்துட்டா. அவளைப் பொறுத்தவரை அந்த வீட்டுல சிரிப்பே கிடையாது. நானும் ஏழு வயசுல முதல் பாதியோட வெளியே வந்தவன்தான். தகரக் கொட்டகையில ரெண்டாம் பாதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

போய் அவ முன்னாடி குத்தவச்சு உட்கார்ந்தேன். ‘பாப்பு, ஸாரி. மாமா பொய் சொன்னேன். அங்க பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் போகணும்னு ஆசைப்பட்டு உன்னை ஏமாத்திட்டேன்.’ அவ பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘உள்ள வேற என்ன இருக்கு?’ன்னா. ‘நானும் பார்க்கல’ன்னேன். ‘அப்ப நீயும் ஆச்சியும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நிஜம் மட்டும்!’

ஆச்சியும் 999 பேயும்

ஆக, நானும் அம்மாவும் உளவுத்துறை! நடுராத்திரி நெருங்கிட்டதால க்யூவும் குறைவு. நீள்ற ரூமைத் தாண்டினா, கறுப்புச் சிப்பி மாதிரி வண்டிங்க வரிசையா சங்கிலி கட்டின மாதிரி நகர்ந்துட்டே இருக்கு. நிக்கிறதே இல்ல. ஒவ்வொரு வண்டியும் தானாத் திரும்பி, எதைப் பார்க்கணுமோ அதை மட்டும் காட்டுது. சுவர்ல இருக்கிற சிலைங்க நாம நகர நகர நம்மையே திரும்பிப் பார்க்கும். ட்ரிக் என்னன்னா, அது புடைச்ச முகம் இல்ல, உள்பக்கம் குழிஞ்ச முகம். நம்ம மூளைதான் குழியை முகமா மாத்திக்குது.

அப்புறம் வந்துச்சு பெரிய ஹால். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற பேய்ங்க ஜோடி ஜோடியா சுத்திச் சுத்தி ஆடுது. ஒரு மேஜை, கேக், மெழுகுவத்தி. ‘ஏல, பேய்க்குப் பொறந்தநாளா?’ன்னு அம்மா சிரிக்க ஆரம்பிச்சவங்கதான். கடைசியில ஒரு கண்ணாடி. அதுல எங்க ரெண்டு பேரோட மூணாவதா ஒரு பேய் உட்கார்ந்திருக்கு. ‘எம்மாடி, நம்ம கூட ஒருத்தன் இருக்காம்ல! அவன் டிக்கெட் எடுத்திருப்பானா?’

வெளியே வந்து அம்மா ரிப்போர்ட் கொடுத்தாங்க. ‘மொத ரூமு பயம்தான் தாயி. ஆச்சிக்கே நெஞ்சு திக்குன்னுச்சு. அதுக்கப்புறம் கல்யாண வீடு மாதிரி. ஆட்டம், பாட்டம், கேக்கு. பேய்க்கெல்லாம் ஒரே சிரிப்பு.’ ஆச்சிக்கே திக்குன்னுச்சுன்னதும் பாப்பு முகம் தெளிஞ்சுது. ‘இப்ப வரியா?’ன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சத்தியமா முழுங்கிட்டேன். அவளே சொன்னா: ‘இப்ப வேண்டாம். அடுத்த வருஷம் எனக்கு ஏழு வயசு. அப்ப.’

ஓ.கே. டீல்.

சுவிட்ச் யார் கையில?

டாம்பாவுக்குத் திரும்ப ஒண்ணேகால் மணி நேரம். அம்மாவும் அக்காவும் தூங்கிட்டாங்க. பாப்பு ஜன்னலோரம் முழிச்சிருந்தா. ‘மாமா, அந்த டான்ஸ் ஆடுற பேய் எப்படிக் கண்ணாடி மாதிரி தெரியுது?’

அப்பாடா, பேச்சு வந்துச்சு! அந்த டெக்னிக்குக்கு ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’னு பேரு. ஜான் ஹென்றி பெப்பர்னு ஒரு விரிவுரையாளர் லண்டன்ல 1862-ல் மேடையில செஞ்சு காட்டினது. நிஜத்துல அந்த ஐடியாவை முதல்ல கொடுத்தவர் ஹென்றி டர்க்ஸ்னு ஒரு இன்ஜினீயர். உழைச்சவர் ஒருத்தர், பேர் வாங்கினவர் லெக்சரர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற சீனியர்ஸுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல!

நான் வாயால சொல்லலை. என் போன் டார்ச்சை அவ கையில கொடுத்தேன். ‘ஜன்னலைப் பாரு. இப்ப உன் முகத்துல லைட் அடி.’ அடிச்சா. வெளியே இருட்டு ரோட்டுக்கு மேல, ஓடுற மரங்களுக்கு நடுவுல, தொப்பி போட்ட ஒரு குட்டிச் சூனியக்காரி மிதந்து வந்தா. பாப்பு மூச்சைப் பிடிச்சுட்டா. ‘இப்ப அணை.’ சூனியக்காரி காணோம். ‘ஹால்ல இருக்கிறதும் இதேதான் பாப்பு. பேய் பொம்மைங்க நம்ம கண்ணுல படாத இடத்துல, நமக்குக் கீழயும் மேலயும் இருக்கும். அதுங்க மேல லைட் விழுந்தா, நடுவுல இருக்கிற பெரிய கண்ணாடியில தெரியும். லைட் போனா பேயும் போயிடும்.’

ஆன்... ஆஃப்... ஆன்... ஆஃப். வீடு வர்ற வரைக்கும் அதே வேலை. என் போன் சார்ஜ் பூரா காலி. ‘மாமா, பேய் வந்துச்சு! மாமா, பேய் போச்சு!’ன்னு ஒரே சிரிப்பு. சுவிட்ச் அவ கையில இருந்துச்சுல்ல, அதான் மேட்டர்.

‘நாட் ஸோ’ங்கிறதுக்கு எனக்குப் புரிஞ்ச அர்த்தம் இதுதான் மக்களே. பயமே இல்லாத இடம் இல்ல அது. எவ்வளவு பயம்னு முன்கூட்டியே சொல்லி, போதும்னா வெளியே போற கதவைக் காட்டி, சுவிட்சைப் பிள்ளை கையில கொடுக்கிற இடம். நம்ம வீட்டுல சுவிட்ச் எப்பவும் பெரியவங்க கையில. சோறு சாப்பிடலைனா பூச்சாண்டி, தூங்கலைனா சாக்குப்பைக்காரன், படிக்கலைனா வாத்தியார், ஊசி போடற டாக்டர். பத்து வருஷம் பயமுறுத்தி வளர்த்துட்டு, பதினொண்ணாவது வருஷம் ‘என்ன இப்படிப் பயப்படறே?’னு கேட்கிறோம்.

அதுக்கு நூறு டாலர் செலவு பண்ண வேண்டியதில்ல. உங்க வீட்டுலயும் ஒரு அக்கா பிள்ளையோ, சித்தப்பா பையனோ இருப்பான். மொட்டை மாடிக்கு இருட்டுல போக மாட்டேன்னு நிப்பான். ‘ஒண்ணுமே இல்லடா’ன்னு தள்ளிவிடாதீங்க. ‘ஆமா, இருட்டாத்தான் இருக்கும். நானும் உன் வயசுல பயந்தேன். டார்ச்சை நீ பிடி’ன்னு சொல்லிப் பாருங்க. இருபது வயசுல நான் இதைக் கத்துக்கிட்டேன். கத்துக்கொடுத்த மேடத்துக்கு வயசு ஆறு.

பி.கு: அட்டெண்டன்ஸ் 74.6 பர்சென்ட். நாளைக்கு ஹெச்.ஓ.டி-யைப் பார்க்கணும். அந்த ரூமுக்கு அவசர வழி எதுவும் இருக்கிற மாதிரி தெரியல. உயிரோட இருந்தா அடுத்த வாரம் சந்திப்போம். வர்ட்டா!